பளபளப்பைப் பார்த்து வாங்கிய வடிகலன்

சின்ன வடிகலன் ஒன்று வாங்கப் போகிறோம், எதைப் பார்த்து வாங்குவது என்று உங்களில் இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பீர் ஆலைக்குள்ளேயே ஓரமாக ஒரு கொட்டகை, அதில் கொஞ்சமாகச் சரக்கு வடிக்க ஒரு கலன். அளவு என்ன, உலோகம் என்ன, எந்தக் கம்பெனி என்றெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். கேட்பதற்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? இந்த விஷயத்தில் என்னைப்போல் அசடு வழிந்தவன் இன்னொருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை அதனால்தான் கேட்டீர்களோ என்னவோ.

அளவு, குழாய், அழுத்தம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வகுப்பில் தேறியவன் நான். அதுதான் பிரச்சினையே.

எழுபதுகளின் தொடக்கத்தில், மதுவிலக்கை எடுத்திருந்த அந்தக் கொஞ்ச காலத்தில், கிண்டிக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டி ஒரு சிறிய பீர் ஆலை இருந்தது. அதில் நான் இன்ஜினியர். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். ஆலையில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. நானும் குடித்ததில்லை. ஆனாலும் பீரோடு கொஞ்சம் சாராயமும் வடித்து விற்கலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பீர் காய்ச்சுவதற்கென்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர், பீர் மட்டும்தான் என் வேலை, மற்றதில் தலையிட மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆக, சாராயம் வடிக்கும் கலனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மோர் குடிக்கும் இரண்டு பேர் தலையில் விழுந்தது.

என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். குடித்தனம் மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி விசாலாட்சியிடம் நான் வேலை பார்ப்பது மால்ட் கம்பெனி என்று சொல்லியிருந்தேன். அது பொய்யும் இல்லை. பார்லியை முளைகட்டி மால்ட் செய்வதில்தானே பீர் தொடங்குகிறது? அவள் அதைக் குழந்தைகள் பாலில் கலந்து குடிக்கும் மால்ட் என்று புரிந்துகொண்டாள். நான் திருத்தவில்லை. பக்கத்து வீட்டு மாமி, "உங்க கம்பெனி மால்ட் ஒரு டப்பா கொண்டு வாங்கோளேன், பேரன் நோஞ்சானா இருக்கான்" என்று கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினேன்.

மூன்று இடங்களிலிருந்து விலைப்புள்ளி வந்தது. இரண்டு பேர் செம்புக் கலன் செய்து தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது பம்பாய்க் கம்பெனி, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அப்போது எங்கள் தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் பித்தளைக்கும் செம்புக்கும் விடை கொடுத்து எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் வீட்டில் எவர்சில்வர் கட்சி. விசாலத்துக்கு அவள் அம்மா சீராகக் கொடுத்த செம்புத் தவலை ஒன்று இருந்தது, வெந்நீர் போடுவதற்கு. அதை மாற்றிவிடலாம் என்று நானும், உயிரே போனாலும் மாட்டேன் என்று அவளும், மாதம் ஒருமுறையாவது சண்டை போடுவோம்.

அந்தச் சண்டையின் சூட்டோடு போய் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். நான் எழுதியதன் சாரம் இதுதான். புளி ரசத்தை ஈயம் பூசாத செம்பில் வைத்தால் களிம்பு ஏறும், உடம்புக்கு ஆகாது. புளித்த ஊறலை, அதாவது காய்ச்சுவதற்காக நொதிக்க வைத்த மால்ட் கரைசலை, செம்பில் கொதிக்க வைத்தால் மட்டும் ஏறாதா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் களிம்பு இல்லை, ஈயம் பூசுகிற செலவு இல்லை, ஒரு துணி போட்டுத் துடைத்தால் கண்ணாடி. இதை இங்கிலீஷில் பத்துப் பக்கத்துக்கு எழுதினால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரசம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். அண்ணாச்சி அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

லாரியில் கலன் வந்து இறங்கிய அன்று ஆலையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நான் என் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் கழுவும் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மாள் உண்டு. பட்டினப்பாக்கத்திலிருந்து வருவார். என் வயதுதான் இருக்கும். எல்லோரும் யக்கா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. வடிக்கும் பிரிவுக்கென்று புதிதாக எடுத்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

அவர் கலனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எல்லாம் வெள்ளையாவே கீதே சார். செம்பு எங்க?" என்றார்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இதுல களிம்பே ஏறாது" என்றேன்.

"உள்ள கூட இல்லியா?"

"எங்கேயும் இல்லை" என்றேன் பெருமையாக.

"செரி சார்" என்று போய்விட்டார். பாட்டில் கழுவுகிறவர் செம்பைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை வரவில்லை. நான்தான் கலனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

எங்களுக்குக் கிடைத்திருந்தது தற்காலிக லைசென்ஸ். வெள்ளிக்கிழமை கலால் அதிகாரி வந்து முதல் சரக்கைப் பார்ப்பார். சரியாக இருந்தால் லைசென்ஸ் நிரந்தரம். இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டு, அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை. இதை அண்ணாச்சி எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். கலனில் முதல் ஓட்டத்தைத் திங்கட்கிழமை ஓட்டினோம். குழாய் முனையில் பளிங்கு மாதிரி சொட்டியது. நான் குனிந்து மோந்து பார்த்தேன்.

அழுகிய முட்டை. அதோடு எரிந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி.

படித்தவனின் முதல் வேலை என்ன தெரியுமா? பழியைப் போட வேறு இடம் தேடுவது. ஆறு பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் வடியும் நேரம், அதுதான் நாற்றம் என்றேன். ஜன்னல்களை மூடச் சொன்னேன். மூடியதும் நாற்றம் இரண்டு மடங்கானது. அடுத்து, சாக்கடை அடைத்திருக்கிறது என்றேன். செவ்வாய்க்கிழமை முழுக்க நான்கு பேர் சாக்கடை தோண்டினார்கள். ப்ளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை கொட்டினேன். சாயங்காலம் மறுபடி ஓட்டினோம். இப்போது அழுகிய முட்டையில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாசனை வந்தது.

அண்ணாச்சி மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நான் இந்தச் சவத்தக் குடிச்சது கெடையாது. ஆனா இப்படி நாறுத பண்டத்தக் காசு குடுத்து எவனும் குடிப்பானாய்யா?"

"ஈஸ்ட் சரியில்லை அண்ணாச்சி. நாளைக்குள்ள..."

"வெள்ளிக்கெழம கொட்டாயப் பூட்டிட்டுப் போயிருவான். கடையில அண்ணன் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிக்கது? இந்தப் பன்னெண்டு பேருக்கும் என்ன பதில் சொல்ல?" அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம், கொட்டகையில் யாரும் இல்லாத நேரம், யக்கா வந்து கதவோரம் நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லுவேன். நான் சொன்னதா வெளிய போவக்கூடாது."

"சொல்லும்மா."

"நாத்தம் சாக்கடைலேந்து வர்ல. ஆவி போற வழில செம்பு வோணும். அந்த நாத்தத்த செம்பு புட்ச்சி வெச்சிக்கும். வெறும் இரும்புல வடிச்சா இப்டித்தான் நாறும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சில கேள்விகளுக்குப் பதில் எதிரிலேயே நிற்கும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கூட்டுக்காரு போனப்பறம் ரெண்டு கொயந்தைங்கள வெச்சிக்கினு இன்னா சார் பண்றது? நாலு வருசம் காச்சினேன். எங்க சரக்குன்னா ஆளுங்க தேடிக்கினு வருவாங்க. செம்புக் கொடம், செம்புக் கொழாயி. ஒருவாட்டி புட்ச்சிக்கினு போயி உள்ள வெச்சாங்க. கேசு கீது எம்மேல. இங்க சேரும்போது கேசு எதுவும் இல்லன்னு கைநாட்டு வெச்சிக் குட்த்துட்டேன்."

எங்கள் ஆலையின் விதி அது. மதுவிலக்கு வழக்கு இருக்கும் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள். வடிப்பதென்றால் என்னவென்றே தெரியாதவனுக்கு இன்ஜினியர் நாற்காலி. நாலு வருஷம் வடித்தவருக்கு வாசலிலேயே தடை. அந்த விதியை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நான்தான்.

வாயைத் திறந்தால் அவருக்கு வேலை போகும். திறக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை போகும். அதனால்தான் வந்து சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. செம்புக்கு எங்கே போவது என்றுதான் மண்டை குடைந்தது. செம்புத் தகடு கிடைப்பது அந்த நாளில் குதிரைக் கொம்பு. பர்மிட் அது இதென்று வாரக்கணக்கில் இழுக்கும்.

எங்கே போனேன் என்று ஊகித்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை காலை தவலையைத் தூக்கித் தோளில் வைத்தேன். விசாலம் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "ஏன்னா, அதை எங்க தூக்கிண்டு போறேள்?"

"தி.நகர்ல கொடுத்துட்டுப் புதுசா எவர்சில்வர் தவலை வாங்கிண்டு வரேன்."

"எங்கம்மா சீரா குடுத்தது. என் பேரு வெட்டியிருக்கு அதுல. செம்புல காயற ஜலத்துக்கு ஒரு வாசனை உண்டு, உங்க எவர்சில்வர்ல வருமா?"

கவனியுங்கள். செம்பின் அருமையை எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் சொல்லிவிட்டார்கள். நான் ரிக்‌ஷா ஏறினேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் போனேன். அதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆலைப் பட்டறையில் தவலையைத் துண்டு போட்டோம். கலனின் கழுத்து, ஆவி மேலே ஏறிப் போகும் அந்தக் குழாய், அதைக் கழற்றித் துண்டுகளைத் திணித்தேன். ஒன்று விடாமல் இறுக்கித் திணித்தேன். நிறையப் போட்டால் நிறையப் பலன் என்பது என் கணக்கு. யக்கா விளக்குமாறோடு அந்தப் பக்கம் வருவதுபோல் வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"இன்னா சார் பண்ற நீ! மூச்சு உட எடம் வோணாமா? இப்டி அடச்சினா வெடிச்சி, உன்னியும் என்னியும் வயிச்சித்தான் எட்க்கணும்."

பாதிக்கு மேல் அவரே உருவிப் போட்டார். மிச்சத்தை ஒவ்வொன்றாக வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தினார். பார்க்காமலே விரல் வேலை செய்தது. ஓட்டினோம். குழாய் முனையில் கை நீட்டி நாலு சொட்டு பிடித்து உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். பிறகு என் மூக்கருகில் நீட்டினார். முட்டையும் இல்லை, ரப்பரும் இல்லை. வறுத்த தானியத்தின் வாசனை, லேசாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கலால் அதிகாரி வந்தார். நிதானமானவர். சரக்கைப் பார்த்தார், மோந்தார், தலையாட்டினார். அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம் வந்தது. அதற்குள் அதிகாரி வரைபடத்தையும் கலனையும் மாறி மாறிப் பார்த்து, "கழுத்தைக் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்களே, உள்ளே என்ன?" என்றார். திறந்து காட்டச் சொன்னார். கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். ஒரே நாளில் கறுத்துப் போயிருந்தது. ஜன்னலருகில் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"விசாலாட்சி. யார் இது?"



"என் மனைவி சார். சீர்ப் பாத்திரம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"மால்ட் கம்பெனின்னு சொல்லி வெச்சிருக்கேன் சார்."

அதிகாரி சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கியது. சிரித்து முடித்து, பேனாவைத் திறந்தார். "மாற்றத்துக்குக் காரணம் எழுதணும். செம்பு போடுகிற யோசனை யாருடையது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். யக்கா பாட்டில் தொட்டியருகே நின்று பார்த்தார். அவர் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"என்னுடையதுதான் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு புத்தகத்தில் படித்தேன்" என்று சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் ஊக்கம் வந்து, செம்பின் குணங்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அதிகாரி என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணாச்சி என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். யக்காவும் ஈரக் கையோடு தட்டினார்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி தூரம்வரை அதை நம்பினேன். காப்பாற்ற முதல் வார்த்தை போதும். அந்த ஐந்து நிமிஷப் பேச்சு யாரைக் காப்பாற்ற?

மறுவாரம் அவரிடம் போய், "கோபமா யக்கா?" என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு சார்? நீ சொன்னா அது படிப்பு. நான் சொன்னா அது கேசு." ஒரு பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். "ஆனா புக்குல பட்ச்சேன்னு சொன்ன பாரு, அப்பதான் சிரிப்ப அடக்க முட்ல. எந்த புக்கு சார் அது?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ரொம்ப நாள் ஓடவில்லை. மதுவிலக்கு மறுபடி வந்தது, ஆலையை மூடினார்கள். கலனைப் பிரித்தபோது அண்ணாச்சி அந்தச் செம்புத் துண்டுகளை ஒரு கோணிப்பையில் போட்டு, "தங்கச்சி சொத்து, பத்திரமாக் கொண்டு சேரும்" என்று என்னிடம் கொடுத்தார். அவ்வளவும் கரி. வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விசாலம் தன் பெயர் இருந்த துண்டை மட்டும் எடுத்துப் புளி போட்டு இரண்டு நாள் தேய்த்தாள். எழுத்து தெரிந்ததும், "மால்ட் நன்னா வந்துதா?" என்று கேட்டாள். ஒரு மாதம் என்னிடம் அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு நான் வேறு மாநிலங்களில் எத்தனையோ கலன்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் செம்பு உண்டு. செம்பைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவார்கள், மாலை போடுவார்கள். இப்போது உங்களுக்கு இதை எழுதும்போது, இனி மறைக்க ஒன்றுமில்லை, அந்த வழக்கெல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கும், அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேனா நின்றுவிட்டது. கலனின் கழுத்துக்குள் என் மனைவியின் பெயர் இருந்தது. அதிகாரியின் காகிதத்தில் என் பெயர் இருந்தது. ஹாஜர்ப் பதிவேட்டில் தினமும் என் மேஜை வழியாகத்தான் அவர் பெயரும் போயிற்று. நான் ஒருநாளும் படித்ததில்லை. யக்கா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

எந்தக் கலன் வாங்குவது என்று கேட்டீர்கள். வாங்குவதற்கு முன்னால் பாட்டில் கழுவுகிறவர்கள் வரை எல்லோரிடமும் கேளுங்கள். கேட்கும்போது அவர்கள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.